டீஸல் எஞ்சினுக்குக் கார்புரேட்டர்: தீவுகளில் விறகு வாயுவைக் கொண்டு மின்சாரம்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் எரியும் விளக்குகளுட் பெரும்பாலானவை, கப்பலில் வந்திறங்கும் டீஸல் எண்ணெயைக் கொண்டே எரிகின்றன. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. 2024ஆம் ஆண்டில் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்கு வந்து சேரும் எண்ணெய், மீண்டும் சிறு கலங்களில் ஏற்றப்பட்டு மற்றத் தீவுகளுக்குச் செல்ல வேண்டும். மக்கள் வாழும் தீவுகள் ஏறத்தாழ முப்பது. அவை அனைத்தையும் இணைக்கும் பொதுவான மின்கம்பி வலை கிடையாது. வட அந்தமானில் 2001இல் தொடங்கப்பெற்ற கல்பொங் நீர்மின் நிலையமும், பின்னர் நிறுவப்பட்ட சூரிய ஒளி மின் நிலையங்களும் டீஸலின் சுமையை ஓரளவு குறைத்துள்ளன. எனினும், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பல் தாமதப்பட்டால், தொலைவிலுள்ள சிறு தீவின் மருத்துவ நிலையத்திற்கும் பள்ளிக்கும் கவலை பிறக்கவே செய்கிறது.

இந்நிலையில், தீவிலேயே கிடைக்கும் மரத்துண்டு, தேங்காய் ஓடு முதலியவற்றிலிருந்து எரிவாயு தயாரித்து, இருக்கின்ற டீஸல் எஞ்சினையே அவ்வாயுவால் ஓட்ட இயலுமா என்ற கேள்வி எழுகிறது. இயலும் என்பது நம் நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆயின், எண்ணெயைப் பீச்சி எரிக்கும் எஞ்சினைக் கார்புரேட்டர் கொண்ட எஞ்சினாக மாற்றுவது, ஓர் உறுப்பைக் கழற்றி வேறோர் உறுப்பைப் பூட்டும் வேலையன்று. பீச்சும் கருவி தனியாகச் செய்து வந்த மூன்று கடமைகளை மூன்று வெவ்வேறு சாதனங்களிடம் ஒப்படைக்கும் வேலை அது. இதனை உணராது செய்யும் மாற்றம் பயன் தராது. சில வேளைகளில் உயிருக்கும் கேடு விளைவிக்கும்.

பீச்சுதலும் கலத்தலும்

டீஸல் எஞ்சினின் சிலிண்டருக்குள் முதலில் புகுவது வெறும் காற்று மட்டுமே. பிஸ்டன் அக்காற்றைப் பதினாறு அல்லது பதினேழில் ஒரு பங்கு பருமனாக அமுக்குகிறது. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் உயர்கிறது. அத்தருணத்தில் பம்பு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்துடன் எண்ணெயை இன்ஜெக்டர் வழியே பனித்துளிபோற் பீச்சுகிறது. எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு எண்ணெய் தேவை என்று அளப்பது, அதனைக் காற்றுடன் கலப்பது, எரிதல் எக்கணத்தில் தொடங்க வேண்டுமென்று தீர்மானிப்பது ஆகிய மூன்று கடமைகளையும் பம்பும் இன்ஜெக்டருமே நிறைவேற்றுகின்றன.

கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் எரிபொருளும் காற்றும் சிலிண்டருக்கு வெளியிலேயே கலந்து உட்செல்கின்றன. அளப்பதும் கலப்பதும் கார்புரேட்டரின் வேலை. எரியூட்டுவது ஸ்பார்க் பிளக்கின் வேலை. எஞ்சினுக்கு எவ்வளவு கலவை செல்ல வேண்டுமென்பதை, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள வண்ணத்துப்பூச்சி வடிவ வால்வு கட்டுப்படுத்துகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீடு நிலவிய நாட்களில், தமிழ்நாட்டுச் சாலைகளிற் கரி வாயுவால் ஓடிய பஸ்களை முதியவர்கள் பலர் கண்டதுண்டு. அவை பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின்களே. அவற்றில் ஸ்பார்க் பிளக் ஏற்கனவே இருந்தமையால் மாற்றம் எளிதாயிற்று. டீஸல் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை.

விறகு வாயுவின் இயல்பு

போதிய காற்றின்றி மரத்தை எரித்தால், அது முழுதும் எரியாமல் எரிவாயுவாக மாறுகிறது. பாடநூல்கள் இதனைப் புரொட்யூசர் வாயு எனக் கூறும். நல்ல உலையிலிருந்து வரும் வாயுவில் கார்பன் மானாக்சைடு ஏறத்தாழ 20 விழுக்காடும், ஹைட்ரஜன் அதே அளவும், மீதேன் 2 விழுக்காடும் இருக்கும். எஞ்சியவை எரியாத நைட்ரஜனும் கரியமில வாயுவுமாகும். ஒரு கன மீட்டர் வாயு தரும் வெப்பம் 4.5 முதல் 5 மெகாஜூல் வரையே. இயற்கை வாயு தருவதில் இது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க எளிய கணக்கு ஒன்று இங்குள்ளது. கார்பன் மானாக்சைடும் ஹைட்ரஜனும் எரிவதற்குத் தம் பருமனிற் பாதியளவு பிராணவாயுவை வேண்டுகின்றன. மீதேன் தன் பருமனைப்போல் இரு மடங்கை வேண்டுகிறது. ஆகவே, 100 பங்கு விறகு வாயுவுக்கு 10, 10, 4 என மொத்தம் 24 பங்கு பிராணவாயு தேவை. காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு என்பதால், தேவையான காற்று ஏறத்தாழ 114 பங்கு. அஃதாவது, வாயுவும் காற்றும் கிட்டத்தட்டச் சமமாகக் கலக்க வேண்டும். மீதேனை மட்டும் எரிப்பதாயின், ஒரு பங்குக்கு ஒன்பதரைப் பங்கு காற்று தேவைப்படும்.

இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, இயற்கை வாயுவுக்கென விற்கப்படும் கார்புரேட்டர் விறகு வாயுவுக்கு உதவாது. ஒன்றுக்குப் பத்து என்ற விகிதத்திற்காக வகுக்கப்பட்ட அதன் குறுகிய வாயு வழி, சமபங்கு வாயுவை விடுவதற்குப் போதாது. இரண்டாவது, வெப்ப மதிப்பு ஏழில் ஒரு பங்காயினும், எஞ்சினின் ஆற்றல் அந்த அளவுக்குக் குறைந்துவிடாது. ஒரு கன மீட்டர் மீதேன் கலவையில் ஏறத்தாழ 3.2 மெகாஜூல் வெப்பம் உண்டெனில், விறகு வாயுக் கலவையில் ஏறத்தாழ 2.3 மெகாஜூல் உண்டு. எஞ்சின் உட்கொள்வது கலவையை. தனி வாயுவை அன்று.

இரண்டு வழிகள்

டீஸல் எஞ்சினை விறகு வாயுவால் ஓட்ட இரு வழிகள் உள்ளன. முதல் வழி, இரட்டை எரிபொருள் முறை. இதில் பம்பும் இன்ஜெக்டரும் அப்படியே இருக்கும். காற்று செல்லும் குழாயில் வாயுவையும் கலந்துவிட்டு, தீ மூட்டும் அளவுக்கு மட்டும் சிறிது டீஸல் பீச்சப்படும். டீஸல் தேவையில் 70 முதல் 85 விழுக்காடு வரை இவ்வாறு மிச்சமாகும். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹொசஹள்ளிக் கிராமத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் அமைத்த சிறு நிலையம் இம்முறையில் இயங்கி விளக்கும் குடிநீரும் அளித்தது. 1990களின் தொடக்கத்தில் இக்கழகத்தின் வடிவமைப்பில் 100 கிலோவாட் நிலையமொன்று போர்ட் பிளேரிலும் இயங்கிற்று. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கொசாபா தீவில் 1997இல் 500 கிலோவாட் அளவில் ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது.

இரட்டை எரிபொருள் முறையின் பெருஞ்சிறப்பு, அது பிழை பொறுப்பது. வாயுவின் தரம் குறைந்தால், கவர்னர் தானே டீஸலைக் கூட்டிவிடும், விளக்கு அணையாது. அதுவே அதன் குறையுமாகும். உலையில் கோளாறிருப்பதை இயக்குபவர் உணராமலே எண்ணெய் செலவாகிக் கொண்டிருக்கும். அன்றியும், டீஸல் அறவே தீர்ந்த நாளில் இந்த எஞ்சினும் நின்றுவிடும்.

இரண்டாம் வழி, டீஸலை முற்றிலும் நீக்கிக் கார்புரேட்டரும் ஸ்பார்க் பிளக்கும் பொருத்துவது. அதிக அழுத்த விகிதத்தில் விறகு வாயு அதிர்ந்து வெடிக்கும் என்ற எண்ணத்தால், முன்பெல்லாம் அவ்விகிதத்தைக் குறைத்தே இம்மாற்றத்தைச் செய்தனர். இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீதர், பால், முகுந்தா ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மாற்றியது. மூன்று சிலிண்டர் டீஸல் எஞ்சினொன்றை வாயு எஞ்சினாக மாற்றிய அவர்கள், அழுத்த விகிதம் 17 ஆக இருந்தபோதும் அது அதிர்வின்றிச் சீராக ஓடுவதைக் கண்டனர். டீஸலில் ஓடும்போது கிடைத்த ஆற்றலுடன் ஒப்பிட, குறைவு 16 விழுக்காடே. பிஸ்டனையோ சிலிண்டர் தலையின் பருமனையோ மாற்ற வேண்டியதில்லை என்பது, உதிரி உறுப்புக்குக் கப்பலை எதிர்பார்க்கும் தீவுகளுக்குப் பெரும் நன்மையாகும்.

கார்புரேட்டரை அமைத்தல்

பெட்ரோல் கார்புரேட்டரில் மிதவை அறை ஒன்று உண்டு. அதிலுள்ள மிதவை, பெட்ரோலின் மட்டத்தை என்றும் ஒரே நிலையில் வைத்திருக்கும். மட்டம் மாறாதிருந்தால்தான், எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் வெளிவரும். வாயுக் கார்புரேட்டரில் மிதவையின் இடத்தை, அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு ஏற்கிறது. உள்ளே வரும் வாயுவின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் எப்போதும் சமமாக இருக்கும்படி இது செய்கிறது. அழுத்தங்கள் சமமானால், இரண்டும் கலக்கும் விகிதம் அவற்றின் துவாரங்களின் பரப்பை மட்டுமே பொறுத்ததாகிவிடும். பளு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது.

இவ்வால்வு இன்றி வெறும் குழாயால் இணைத்தால் என்ன நேரும்? உலையிலும் வடிகட்டியிலும் தூசி சேரச் சேர, வாயு வரும் வழியில் தடை மிகுகிறது. காற்றுக்கோ அத்தகைய தடை இல்லை. ஆகவே, காலையில் சரியாக வைத்த கலவை மாலையில் காற்று மிகுந்ததாகி, எஞ்சின் திணறி நிற்கும். சமன்செய்யும் வால்வு அழுத்தத்தைக் குறைக்க வல்லதேயன்றிக் கூட்ட வல்லதன்று. எனவே, வாயு அதனிடம் சற்று மிகையான அழுத்தத்துடன் வந்து சேருமாறு, வடிகட்டிக்குப் பின் ஊதுவிசிறி ஒன்றை வைத்தல் வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. டீஸல் பம்பைக் கழற்றிவிடுதல் வேண்டும். பம்பின் உட்பகுதிகளுக்கு டீஸலே மசகு. எண்ணெயின்றி அது சுழன்றால் இறுகிப் பழுதாகும்.

2. இன்ஜெக்டர் இருந்த துவாரத்தில் ஸ்பார்க் பிளக்கைப் பொருத்துதல் வேண்டும். அமுக்கம் மிகுந்த கலவையில் பொறி தாண்டுவது கடினமாதலால், பிளக்கின் இடைவெளி சிறிதாக இருத்தல் நன்று.

3. கவர்னரை வண்ணத்துப்பூச்சி வால்வுடன் இணைத்தல் வேண்டும். முன்பு எண்ணெயின் அளவை மாற்றி வேகத்தைக் காத்த கவர்னர், இனிக் கலவையின் அளவை மாற்றிக் காக்க வேண்டும். இந்த இணைப்பை மறந்துவிட்டால், பளு திடீரென நீங்கும்போது எஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும்.

4. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள குழாய் குறுகிய நீளமுடையதாக இருத்தல் வேண்டும். டீஸல் எஞ்சினில் இக்குழாயில் இருந்தது வெறும் காற்று. இப்போது இருப்பதோ தீப்பற்றக்கூடிய கலவை. தீ பின்னோக்கிப் பாய்ந்தால், வெடிப்பின் வேகம் வெளியேற ஒரு பாதுகாப்பு மூடியும், தீ உலைப்பக்கம் பரவாதிருக்கத் தடுப்பும் அவசியம்.

5. வாயு குளிர்ந்ததாகவும் தூயதாகவும் இருத்தல் வேண்டும். ஒரு கன மீட்டரில் தூசி 50 மில்லிகிராமுக்கும், தார் 100 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது எஞ்சின்களுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் வரம்பு. தார் படிந்தால் கார்புரேட்டரின் வால்வுகள் ஒட்டிக்கொள்ளும்.

பொறி எக்கணத்தில் தோன்ற வேண்டுமென்பதும் முக்கியம். அழுத்த விகிதம் 17 ஆகவும் வாயுவில் ஹைட்ரஜன் மிகுந்தும் இருப்பதால், கலவை விரைந்து எரிகிறது. ஆகவே, பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 6 முதல் 10 டிகிரி முன்னதாகப் பொறி தோன்றினால் போதும். பெட்ரோல் எஞ்சின் பழக்கத்தால் மிக முன்னதாக வைத்தால், ஏறிவரும் பிஸ்டனை எரிவாயு எதிர்த்துத் தள்ளி ஆற்றலை வீணாக்கும்.

இயக்கும் முறை

உலையை மூட்டியவுடன் வாயுவை எஞ்சினுக்கு விடலாகாது. முதலில் அதனைத் தனிக் குழாயில் விட்டு எரித்துப் பார்க்க வேண்டும். சுடர் அணையாமல் சீராக எரியும்போதே வாயு தகுதி பெற்றதென அறியலாம். பின்னர் எஞ்சினைப் பளுவின்றி ஓட்டி, சிறிது சிறிதாகப் பளுவை ஏற்ற வேண்டும்.

கலவையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. பளுவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, காற்று வால்வை மெல்லத் திருப்பி வருக. கலவை சிறந்த நிலையை அடையும்போது அதே பளுவைக் குறைந்த கலவையே தாங்குமாதலால், கவர்னர் வண்ணத்துப்பூச்சி வால்வை மிகுதியும் மூடி வைக்கும். வால்வின் தண்டில் ஒரு முள்ளைப் பொருத்தினால், இந்நிலையைக் கண்ணால் காணலாம். ஈரமான விறகை இட்ட நாளில் அம்முள் இடம் மாறி நிற்பதையும் காணலாம்.

விஷ வாயுவும் கழிவு நீரும்

விறகு வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மானாக்சைடு என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. உள்ளிழுப்பவரின் இரத்தத்தில் பிராணவாயு சேராதபடி அது தடுத்துவிடும். ஊதுவிசிறிக்கு முன்னுள்ள குழாயில் கசிவு இருந்தால் காற்று உட்புகுந்து வெடிக்கும் கலவை உண்டாகும். பின்னுள்ள குழாயில் கசிவு இருந்தால் விஷவாயு வெளிவரும். ஆகவே, இரு பக்கத்துக் கசிவையும் தேட வேண்டும். வெளிப்பக்கக் கசிவைச் சோப்பு நீரால் அறியலாம். எஞ்சின் கொட்டகைக்குச் சுவர் இல்லாதிருப்பதே நன்று. மழைக்காக மூடிய அறையாயின், கூரையிலும் தரையருகிலும் காற்றுவழிகள் வேண்டும். விஷவாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவியும் வேண்டும். இரவுப் பணியாளர் எவரும் அங்கு உறங்குதல் கூடாது. தலைவலி, மயக்கம், வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, எஞ்சினை நிறுத்தி, மருத்துவ உதவி நாடுதல் வேண்டும்.

வாயுவைக் கழுவிய நீரில் தாரும் பீனாலும் கலந்திருக்கும். கார் நிக்கோபார் போன்ற பவழத் தீவில் மழைநீர் மண்ணில் விரைந்து இறங்கிச் சேர்கிறது. மக்களின் கிணறுகள் ஆழமற்றவை. அங்கு இக்கழிவு நீரை மண்ணில் விடுவது குடிநீரைக் கெடுப்பதாகும். நீரை வடித்துச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடில்லாத நிலையத்தைத் தொடங்காதிருத்தலே மேல்.

எரிபொருள் எங்கிருந்து?

சாத்தம் தீவில் 1883ஆம் ஆண்டு முதல் மர அறுவை ஆலை உள்ளது. அதன் கழிவைக் கண்டு, காட்டு மரமே எரிபொருளாகலாம் என எவரும் எண்ணலாகாது. அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்கு உச்ச நீதிமன்றம் 2002இல் கடுமையான வரம்பு விதித்தது. எஞ்சினுக்காகக் காட்டை அழித்தல் நோக்கத்தையே கெடுத்துவிடும். தேங்காய் ஓடே இத்தீவுகளுக்கு இயல்பான பொருள். அது அடர்த்தியானது, எளிதில் உலர்வது, சாம்பல் குறைவு.

மாலை நான்கு மணி நேரம் 10 கிலோவாட் மின்சாரம் வேண்டுமெனக் கொள்வோம். மொத்தம் 40 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.3 கிலோ என்ற கணக்கில் 52 கிலோ ஓடு தேவை. ஒரு காயின் ஓடு 100 கிராம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 520 காய்கள். ஊரில் கொப்பரைக்கு உடைபடும் காய்கள் எத்தனை, அவற்றின் ஓட்டில் எவ்வளவு ஏற்கனவே கொப்பரை உலர்த்தவும் அடுப்பெரிக்கவும் செல்கிறது என்பவற்றை எஞ்சின் வாங்குமுன் கணக்கிட வேண்டும். இக்கணக்கெடுப்பை மேல்வகுப்பு மாணவர்கள் தம் ஆசிரியரின் துணையுடன் நன்கு செய்யலாம். 2004 டிசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலை நிக்கோபாரின் தென்னந்தோப்புகளைப் பெருமளவில் அழித்தது. ஆகையால் பழைய புள்ளிவிவரங்களை நம்பாமல் இன்றுள்ள மரங்களையே எண்ண வேண்டும். மழை மிகுந்த தீவாதலால், எரிபொருளின் ஈரம் 15 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி, எஞ்சின் புகையின் வெப்பத்தால் உலர்த்தும் மேடையும் அமைக்க வேண்டும்.

எவ்வழி தக்கது?

தீவின் மின் நிலையத்தில் உள்ள எஞ்சின்கள் அனைத்தையும் ஒருசேர மாற்றுதல் அறிவுடைமையன்று. கார்புரேட்டர் பொருத்திய எஞ்சின் வாயுவின்றி ஓடாது. வாயுவுக்கு உலையும், உலர்ந்த ஓடும், பயின்ற ஆளும் வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஓர் எஞ்சினை இரட்டை எரிபொருள் முறையில் ஓட்டி, உலையை நடத்தும் பழக்கத்தைப் பெறுதல் வேண்டும். அப்பழக்கம் உறுதிப்பட்டபின் இரண்டாவது எஞ்சினுக்குக் கார்புரேட்டரைப் பொருத்தலாம். அப்போதும் டீஸலால் மட்டும் ஓடும் எஞ்சின் ஒன்று, எண்ணெயுடன் ஆயத்தமாக மருத்துவ நிலையத்தின் தேவைக்கு நிற்க வேண்டும். இவ்வாறு அமைத்தால், கப்பல் வராத வாரத்தில் ஓடு ஒளி தரும். உலை பழுதான இரவில் எண்ணெய் ஒளி தரும்.